மேடையை விட்டு இறங்கிய உருமி

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் பெட்டி முன்னால் முதல் தடவை உட்காருகிறவனுக்குக் கை தானாக மேலேதான் போகும். கூட்டம் சத்தம் போட்டால் நாமும் சத்தத்தைக் கூட்டுவோம், கிட்டார்காரர் புருவத்தைத் தூக்கினால் கிட்டாரைக் கூட்டுவோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். எப்போது கூட்டக் கூடாது, எப்போது மைக்கையே கையில் எடுத்து இன்னொருவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பதை ஒரு சாயங்காலத்தில்தான் தெரிந்துகொண்டேன். ஒயரை எப்படிச் சுற்றுவது, பெட்டியை எங்கே வைப்பது என்பதெல்லாம், மைக் செட் தொழிலுக்கு வந்திருக்கிற தம்பிகளே, உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தச் சாயங்காலத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். எங்கள் பங்குக் கோயில் திருவிழாவுக்கு மைக் செட் கட்டப் போய், அதுவே தொழிலாகிவிட்டது. காலையில் பூசை, இரவில் வீட்டில் பிள்ளைகளோடு ஜெபமாலை, நடுவில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று என் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தொண்ணூறுகளில் பீளமேட்டுப் பக்கம் ஒரு கல்லூரி விழாவுக்குச் செட் கட்டப் போனபோதுதான் அந்தக் குழுவை முதன்முதலாகக் கேட்டேன்.

நாலைந்து பேர்தான். எலக்ட்ரிக் கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ், முன்னால் பாடுவதற்குச் செந்தில் என்று ஓர் இன்ஜினியரிங் மாணவர். இதையெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். பார்க்காதது, செந்திலுக்குப் பக்கத்தில் நடு மேடையில் உருமியைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற கருப்புசாமியை. நாற்பது வயதிருக்கும். கிராமத்துச் சாவுக்கும் சாமிக்கும் அடித்துப் பழகிய கை. வலது பக்கத் தோலில் அடி விழும். இடது பக்கத்தில் வளைந்த குச்சியை வைத்து உரசினால் அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல் கிளம்பும். அந்த உறுமலுக்குக் கிட்டார்காரர் கம்பியை இழுத்துப் பதில் சொன்னார் பாருங்கள், எனக்குக் கை ரோமமெல்லாம் நட்டுக்கொண்டது. மாதாவே, இப்படியும் ஒரு சத்தமா என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அவர்களிடம் ஒரு பாட்டு இருந்தது, பொள்ளாச்சி மாட்டுச் சந்தையைப் பற்றி. சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். பாட்டின் நடுவில் கிட்டார் ஒரு விலை சொல்லும், உருமி "அது கட்டாது" என்று உறுமும். கிட்டார் கொஞ்சம் இறங்கி வரும், உருமி மறுபடியும் உறுமும். இப்படிப் பேரம் முற்றும்போது செந்தில் தோள் துண்டை எடுத்து இரண்டு பேர் கைகளையும் மூடிவிடுவார். துண்டுக்குள்ளே கிட்டாரும் உருமியும் ஒரே நேரத்தில் பேசி முடிக்கும். கருப்புசாமி முகத்தில் மலிவாக மாடு வாங்கிய தரகனின் திருட்டுச் சிரிப்பு ஒன்று வரும். கல்லூரிப் பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறிக் குதித்தார்கள். அன்றைக்கே செந்தில் என்னிடம் வந்து, "அண்ணா, இனி எங்களுக்கு நீங்கதான் செட்டு," என்றார். வேனில் அவர்களோடு ஊர் ஊராகப் போக ஆரம்பித்தேன்.

அதுவரைக்கும் எல்லாம் கல்லூரிகள்தான். முதல் முறையாக ஒரு கிராமத்து நோம்பிக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, கூப்பிட்டார்கள். பொள்ளாச்சியைத் தாண்டி உள்ளே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் ஊர். மாரியம்மன் கோயில் முன்னால் கம்பம் நட்டிருந்தார்கள். வேப்பிலையும் மஞ்சளுமாகக் கட்டிய அந்த மரக் கம்பத்தைச் சுற்றி, நோம்பி முடியும் வரை, ஆண்கள் வட்டமாக ஆடுவார்கள். கம்பத்துக்கு எதிரே மைதானத்தின் மறுகோடியில் எங்களுக்கு மேடை போட்டிருந்தார்கள்.

கருப்புசாமிக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. அவர் சம்சாரம் சரசு முதல் தடவையாக நிகழ்ச்சி பார்க்க வருகிறார். உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து அக்காளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தார். "என்ற ஊட்டுக்காரரு மேடையில நின்னு அடிக்கறாரு" என்று ஊர் பூராவும் சொல்லி வைத்திருக்கிறாராம், அக்காள் நம்பவில்லையாம். "சரசோட அக்கா ஒரு மாதிரிங்கண்ணா," என்று கருப்புசாமி என்னிடம் சொன்னார். "கண்ணுல பாத்தாத்தான் நம்புவா. சாவு ஊட்டுல வெயில்ல நின்னு அடிக்கறவன் எப்பிடி மேடை ஏறுவான்னு கேட்டுப்போட்டாளாம். இன்னைக்கு வாயடைக்கணும்." சரசும் அக்காளும் மைதானத்தின் ஓரத்தில், புளியமரத்தடியில், மற்ற பெண்களை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்து மேடை நன்றாகத் தெரியும். கம்பம் தெரியாது.

வெயில் தாழ்ந்து நான் மைக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது நோம்பிக் கமிட்டித் தலைவர் வந்தார். வெள்ளை வேட்டி, விபூதி, சந்தனம். நல்ல மனுஷர்தான். மதியம் எங்களுக்கு அவர் வீட்டிலிருந்துதான் சாப்பாடு வந்தது. நடு மேடையில் உருமிக்கு வைத்திருந்த மைக்கைப் பார்த்தார். பிறகு கருப்புசாமியைப் பார்த்தார். அப்புறம் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"பாட்டுக்காரத் தம்பிங்க மேல நின்னு பாடட்டுமுங்க. உருமி மட்டும் கீழ நின்னு அடிக்கட்டுமுங்க. எங்க ஊர்ல வழக்கம் அப்படித்தானுங்க. அம்மன் எதுக்கால, ஊர்ப் பெரியவங்க எல்லாம் கீழ உக்காந்திருப்பாங்க. நீங்களே பாத்துச் சொல்லிப்போடுங்க, நாஞ் சொன்னா நல்லா இருக்காதுங்க."

அவர் சாதி என்ற சொல்லை வாயில் எடுக்கவே இல்லை. அத்தனை 'ங்க' போட்டு, அத்தனை மரியாதையாக ஒரு மனுஷனைக் கீழே இறக்கச் சொன்னார். 

செந்தில் பின்னாலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் சிவந்துவிட்டது. "அண்ணா, பெட்டியெல்லாம் வண்டியில ஏத்துங்க. கருப்பண்ணனை எறக்கிவிட்டுட்டு நாங்க பாடணுமா? போலாம் வாங்க!"

கருப்புசாமிதான் அவர் கையைப் பிடித்தார். "தம்பி, கோவிச்சுட்டுப் போறது சுலபமுங்க. மரத்தடியில ஒருத்தி உக்காந்திருக்கறாளே, அவகிட்ட நான் என்னன்னு சொல்றது? அவ அக்கா சிரிச்சே செத்துப்போவா." அவரும் சிரித்தார். "நான் கீழயே நின்னு அடிக்கறனுங்க. புதுசா என்ன? பொறந்ததுலருந்து அங்கதான நிக்கறேன்." சிரிப்பு வாயில் இருந்தது. விரல்கள் உருமியின் வாரை இறுக்கி இறுக்கி விட்டுக்கொண்டிருந்தன.

தம்பிகளே, இதுதான் இக்கட்டு. கிளம்பிப் போனால் கருப்புசாமி அடிக்கவே இல்லை என்றாகிவிடும். சொன்னதைக் கேட்டால் அவர் சம்சாரம் பார்க்கப் பார்க்க, நம் குழுவே அவரைக் கீழே தள்ளியதாகிவிடும். கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. நின்று யோசிக்க நேரமில்லை. ஒரு நிமிஷம் கண்ணை மூடி, மாதாவை நினைத்து அருள்நிறை மந்திரம் ஒன்றைச் சொன்னேன். கண்ணைத் திறந்தபோது எதிரே கம்பம் தெரிந்தது.

தலைவரிடம் போனேன். "தலைவரே, உருமி கீழ நிக்கணும்னா, அந்தக் கம்பத்துக்கிட்ட நிக்கலாமுங்களா?"

"அது அவங்க நின்னு அடிக்கற எடந்தானுங்களே. தாராளமா நிக்கட்டும்."

"அப்ப நாங்களும் அங்கயே நிக்கறோமுங்க. உருமி ஒரு கோடியில, பாட்டு ஒரு கோடியில இருந்தா தாளம் ஒட்டாதுங்க. சத்தம் போய்ச் சேர்றதுக்குள்ள அடி முந்திப்போகும்."

இது நான் கட்டிவிட்ட கதையல்ல, நிஜமும் அதுதான். தலைவர் திகைத்துவிட்டார். "எல்லாருமுங்களா? அப்ப மேடை?"

"மேடை அதும்பாட்டுக்குச் சும்மா இருக்கட்டுமுங்க."

அவரால் மறுக்க முடியவில்லை. பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சொல்லி அழைத்திருந்தார். "என்னமோ பண்ணுங்க" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார்.

செந்திலுக்கு அரை மனது. "அண்ணா, இதுவும் தோத்த மாதிரிதான் இருக்குது," என்றார். "தம்பி, ஒண்ணா நிக்கறோமில்ல, அது போதும். மீதியை ஆண்டவர் பாத்துக்குவார்," என்றேன்.  புளியமரத்தடியைத் திரும்பிப் பார்க்க மனசு வரவில்லை.

டிரம்ஸ்காரர் பெரிய டிரம்மை மேடையிலேயே விட்டுவிட்டு ஒன்றை மட்டும் கழுத்தில் மாட்டிக்கொண்டார். இருந்த ஒயரையெல்லாம் முடிச்சுப் போட்டு, மைக்குகளையும் மிக்ஸரையும் கம்பம் வரை கொண்டுபோனேன். முதல் அடி விழுந்ததும் மைக் கூவென்று ஊளையிட்டது. பின்னே, மேடையிலுள்ள ஸ்பீக்கர் பெட்டிகள் கம்பத்தைப் பார்த்து நிற்கின்றன, மைக் அவற்றுக்கு நேர் எதிரே நிற்கிறது. ஊளையிடாமல் என்ன செய்யும்? கூட்டம் காதைப் பொத்திக்கொண்டது. என் கை மேலே போகத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கீழே இறக்கினேன். உருமிக்கு மைக்கே வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். அந்த உருமியின் வெறும் சத்தம் எவ்வளவோ, கிட்டாரும் பாட்டும் அதற்குள் அடங்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தேன்.

அடடா! சொன்னால் நம்ப மாட்டீர்கள். பெட்டிச் சத்தம் அடங்கியதும் உருமி நிஜமாகவே பேச ஆரம்பித்தது. கம்பத்தைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தவர்கள் முதலில் சந்தேகமாகத்தான் கால் வைத்தார்கள். கிட்டாரைப் பாம்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். கருப்புசாமி செந்திலின் பாட்டைப் பார்க்கவில்லை, அவர்கள் காலைப் பார்த்து அடித்தார். கால் வேகம் பிடித்தால் உருமி வேகம் பிடித்தது, கிட்டார் உருமியின் பின்னால் ஓடியது. வட்டம் ஒன்றுக்கு இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. புழுதி எழும்பி விளக்கு வெளிச்சத்தில் மஞ்சளாக நின்றது. வேலை செய்ய வந்த நான் கட்டைவிரலால் மிக்ஸர் பெட்டியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். கல்லூரியில் பிள்ளைகள் குதித்தது வேறு. இங்கே ஊரே ஒரு உடம்பாகச் சுற்றியது.

பிறகு சந்தைப் பாட்டு வந்தது. கிட்டார் விலை சொன்னது, உருமி உறுமியது. வட்டத்தில் பாதிப் பேர் மாட்டு வியாபாரிகள், அவர்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? "கட்டாதுங்க, கட்டாதுங்க!" என்று உருமிக்காகக் கத்த ஆரம்பித்தார்கள். ஒருவர், "யோவ் கிட்டாரு, மாடு பல்லு போன மாடாட்ட இருக்குது, கொஞ்சம் எறங்கு!" என்றார். செந்தில் துண்டைப் போட்டு மூடினார். கருப்புசாமி அந்தத் தரகுச் சிரிப்பைச் சிரித்தார். வட்டத்தில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அங்கேதான் வினை பிடித்தது. பெண்களெல்லாம் மேடைக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு வெறும் மேடையும் எதிர்ப்பக்கம் ஆண்களின் முதுகும்தான். சத்தமும் அரைகுறையாகத்தான் போகிறது. திடீரென்று அத்தனை பேரும் சிரிக்கிறார்கள், எதற்கென்று தெரியவில்லை. தலைவரின் சம்சாரம் எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நேராக வந்தார்.

"ஏனுங்க! உள்ள என்னத்தையோ துண்டப் போட்டு மூடி வெச்சுட்டு ஆம்பளைங்க அத்தனை பேரும் சிரிக்கறாங்க. நாங்க என்ன, காலி மேடைக்குக் காவலா?"

தலைவர், "செத்த பொறு அம்மணி" என்றார்.

"என்னத்தப் பொறுக்கறது? சாயங்காலமே சமைச்சு வெச்சுட்டு ஓடியாந்தோமுங்க. அந்த உருமிக்காரரை மேல ஏத்துங்க, எங்களுக்கும் தெரியட்டும்!"

அவ்வளவுதான். பாயில் இருந்த பெண்களெல்லாம் எழுந்துவிட்டார்கள். "மேல ஏத்துங்க! உருமிய மேல ஏத்துங்க!" பின்னாலிருந்தவர்கள் முன்னால் தள்ள, வட்டம் நெளிய ஆரம்பித்தது. இடுப்பில் குழந்தையோடு பெண்கள் நெரிசலில் வந்துவிட்டார்கள். கம்பத்தின் மீது யாராவது சாய்ந்துவிட்டால் தெய்வக் குற்றமாகிவிடும் என்று பெரியவர்கள் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள்.

தலைவர் வேர்த்து விறுவிறுத்துச் செந்திலிடம் வந்தார். "தம்பி, நீங்க சீக்கிரம் மேல ஏறிப் பாடுங்க, கூட்டம் அக்கட்ட நவுந்துரும்."

செந்தில் என்னைப் பார்த்தார். எல்லாருமாக ஏறிவிடலாம் என்று அவர் கண் சொன்னது. ஏறியிருக்கலாம்தான். நெரிசல் அந்த நிமிஷமே குறைந்திருக்கும். ஆனால் 'நீங்க' என்று தலைவர் சொன்னது யாரை? கூட்டத்தில் ஒளிந்து ஏறினால், நாளைக்கு "அவங்களே ஏறிப்போட்டாங்க" என்று பழி கருப்புசாமி தலையில் விழும். நாங்கள் வேனில் கோயமுத்தூர் போய்விடுவோம். அவர் இந்தப் பக்கத்துச் சாமிக்கும் சாவுக்கும் அடித்துப் பிழைக்க வேண்டியவர்.

செந்தில் கையிலிருந்த மைக்கை வாங்கித் தலைவர் கையில் கொடுத்தேன். "யார் யார் ஏறணும்னு நீங்களே சொல்லிப்போடுங்க. ஊருக்குக் கேக்கட்டும்." அவர் வாயருகே வைத்து, அது ஒன்றுக்கு மட்டும், அன்று முதல் தடவையாகச் சத்தத்தைக் கூட்டினேன்.

அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். கருப்புசாமியைப் பார்த்தார். கருப்புசாமி உருமியை அணைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலைவர் மூச்சு விடுவது தென்னை மரங்களில் நான் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்களில் எல்லாம் கேட்டது. இவர் மைக்கைக் கீழே வைத்துவிட்டால் என்ன செய்வது என்று நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மைக்கப் புடிச்சுட்டுப் பொம்மையாட்ட நிக்கறீங்களே, சொல்லுங்க!" என்றார் அவர் சம்சாரம். அதுவும் குழாயில் கேட்டது. கூட்டம் சிரித்தது.

தலைவர் தொண்டையைச் செருமினார். "எல்லாருக்கும் வணக்கமுங்க. பின்னால இருக்கறவங்களுக்குத் தெரியலீன்னு சொல்றாங்க. அதனால பாட்டுக்காரத் தம்பிங்க மேடைக்கு வாங்க." நிறுத்தினார். "உருமி அடிக்கற கருப்புசாமியும் வாங்க. மேல வாங்க."

'வாங்க' என்றார். அத்தனை குழாயிலும் கேட்டது. சொன்ன சொல்லை இனித் திரும்ப எடுக்க முடியாது.

கருப்புசாமி குனிந்து கம்பத்தடி மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். கூட்டம் ஒதுங்கி வழி விட்டது. செந்தில் பின்னால் நின்றுகொண்டார், கிட்டார்காரரும் நின்றார், முதலில் உருமி ஏறியது. புளியமரத்தடியிலிருந்து கேட்ட குலவையை யார் போட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

இப்போது பெட்டிகள் முன்னால், மைக்குகள் பின்னால். இனி எனக்கு என்ன தடை? "வேளாங்கண்ணித் தாயே" என்று கையை மேலே ஏற்றினேன். உருமி உறுமியது பாருங்கள், தென்னை மட்டையில் உட்கார்ந்திருந்த காக்காயெல்லாம் கிளம்பிவிட்டது! சந்தைப் பாட்டை முதலிலிருந்து கேட்டார்கள், பாடினோம். துண்டைப் போட்டதும் பெண்கள் பக்கமிருந்து எழுந்த சிரிப்பில் பாட்டே முழுகிப்போயிற்று. தலைவரின் சம்சாரம், "அடப்பாவிங்களா, இதுக்குத்தான் அப்படிச் சிரிச்சாங்களா!" என்று பக்கத்திலிருந்தவர் தோளில் அடித்து அடித்துச் சிரித்தார். வாழ்க்கையில் எத்தனையோ மேடைக்குச் செட் கட்டியிருக்கிறேன், அப்படி ஒரு சந்தோஷத்தை இந்தக் காது கேட்டதில்லை.

ஒரு சாயங்காலத்தில் ஊர் திருந்திவிட்டது என்று சொல்ல மாட்டேன். பாட்டு முடிந்து எல்லாருக்கும் மாலை போட்ட தலைவர், கருப்புசாமி முறை வந்தபோது கழுத்தில் போடாமல் கையில்தான் கொடுத்தார். அதையும் நான் பார்த்தேன். பாட்டால் எவ்வளவு தூரம் போக முடிந்ததோ அவ்வளவு தூரம் அன்றைக்குப் போனோம். அதற்கு நம் பங்கு, அந்தப் பாட்டைக் கூட்டத்தின் கண்ணுக்கும் காதுக்கும் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. யார் வாயால் எது வர வேண்டுமோ, அதை அவர் வாயால் வரவைத்துவிட்டு ஒதுங்கி நிற்பது.

வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது சரசு அக்காளோடு வந்தார். அக்காள்தான் முன்னால் வந்தார். கருப்புசாமி கையிலிருந்த மாலையை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு அவர் கழுத்தில் தானே போட்டார். கருப்புசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. "என்ன சரசு, எப்பிடி இருந்துச்சு?" என்றார்.

சரசு கொஞ்சம் யோசித்தார். "மேல நின்னதப் பாக்க நல்லா இருந்துச்சுங்க. ஆனா கொஞ்சம் பயந்து பயந்து அடிச்சீங்க. கீழ அடிச்சப்ப எனக்கு ஒண்ணும் கண்ணுல தெரியலீங்க, காதுலதான் கேட்டேன். அந்த அடியில பயமே இல்லீங்க."

கருப்புசாமிக்கு முகம் சின்னதாகிவிட்டது. "அப்ப அடுத்த நோம்பிக்குக் கீழயே நின்னுக்கட்டுமா?"

"கீழயா?" என்றார் சரசு. "மேலதான் நிக்கோணும். மேல நின்னுட்டு, கீழ அடிச்ச மாதிரி அடிக்கோணும். போங்க, வண்டியில ஏறுங்க."